ஆண் எழுத்தாளர்களின் பெண்கள்

(நம் சங்கத்தின் டெல்லிக் கிளை நடத்திய இலக்கிய மாலையில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு வெளியிடப்படுகிறது.)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஸார், இலக்கியம் பற்றி அரை மணி பேச வேண்டும்" என்றபோது தயங்கினேன். நான் இலக்கியம் படித்தவன் அல்ல. 1969-இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மறு வருஷம் டெல்லிக்கு ரயில் ஏறி, 39 வருஷம் மத்திய சர்க்கார் ஃபைல்களில் குறிப்பு எழுதி, 2009-இல் ஓய்வு பெற்றவன். என் எழுத்தெல்லாம் "மேற்கண்ட பொருள் குறித்து" என்று ஆரம்பித்து "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடிகிற ரகம். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அதில் நான் வாங்கிய அடிதான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பௌதிக லேபில் ஸ்க்ரூ கேஜ் என்று ஒரு கருவி கொடுப்பார்கள். மெல்லிய கம்பியின் விட்டத்தை அளப்பது. அளப்பதற்கு முன், ஒன்றும் வைக்காமல் திருகிப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டோ மூன்றோ காட்டும். அதற்கு ஜீரோ எர்ரர் என்று பெயர். கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கழித்துக்கொண்டால் போதும். அதைப் பார்க்காமல் நேரே கம்பியை வைத்தவன் எத்தனை தடவை அளந்தாலும் தப்பான விடையே வரும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பாக வரும். அதனால் சரி என்றே நினைத்துக்கொண்டிருப்பான். ஆண் பெண்ணைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாக எழுதலாம், முதலில் ஜீரோ எர்ரர் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுதலாமா என்ற கேள்வியே நம் ஊரில் செல்லாது. சங்கப் பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வருபவற்றில் பெரும்பாலானவை ஆண் புலவர்கள் பாடியவை. ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பாடியிருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையில் ஆண்களே அதிகம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாக ஏங்குகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆகிறார். மகளைப் பற்றிக் கவலைப்படும் தாயாகவும் அவர்களே பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆழ்வாருக்கு வேண்டியது பெருமாள். நாயகி பாவம் அங்கே போய்ச் சேருவதற்கு ஒரு வழி. குருகூரில் அடுத்த வீட்டில் இருந்த பெண் என்ன நினைத்தாள் என்பது அவருடைய விசாரம் அல்ல. நாவல் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு. அதற்கு அடுத்த வீட்டுப் பெண்தான் விசாரமே.

தமிழ் நாவலின் ஆரம்பத்திலேயே நம்மைப் போன்ற ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் இதைச் செய்து பார்த்துவிட்டார். அ. மாதவையா. 1872-இல் திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் பிறந்தவர், உப்பு இலாகாவில் அதிகாரி. 'பத்மாவதி சரித்திரம்' பலருக்குத் தெரியும். நான் சொல்ல வருவது 'முத்துமீனாட்சி'. இருபது வயதில், 1892-இல், 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்று தொடராக ஆரம்பித்தார், எதிர்ப்பால் பாதியில் நின்றுபோயிற்று. 1903-இல் 'முத்துமீனாட்சி' என்று புஸ்தகமாக வந்தது. குழந்தையாகக் கல்யாணமாகி, குழந்தையாகவே விதவையான ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். "நான்", "எனக்கு" என்றுதான் கதை முழுவதும். கடைசியில் மறுவிவாகம். விதவா விவாகச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. அக்கிரகாரத்துக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்று இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.

மாதவையாவின் முத்துமீனாட்சி சில இடங்களில் சீர்திருத்த மேடையில் பேசுவது போலப் பேசுகிறாள் என்பது வாஸ்தவம். ஆனால் மாமியார் வீட்டில் ஒரு சிறுமி எதற்கெல்லாம் பயப்படுவாள் என்பதை அவர் யாரிடமோ கேட்டிருக்கிறார். கேட்காமல் அந்த மாதிரி எழுத வராது. 1925-இல் சென்னை சர்வகலாசாலை செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசி முடித்து உட்கார்ந்தவர் அங்கேயே காலமானார்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். 1966. எனக்குப் பதினேழு வயது, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒரு பெரிய காரில் ஏறி, கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். தாயார் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுகிறாள். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது என்று சொன்னால் மிகை இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் சண்டை. அப்பா, "தாயார் செய்தது தப்பு" என்றார். எதிர்வீட்டு மாமா, "வேறென்ன செய்ய முடியும்? கிணற்றிலா தள்ளுவாள்?" என்றார். என் அக்கா உள்ளே கூடத்தில், அத்தைக்கு அந்தக் கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தமக்கை. 1910-இல் பிறந்தவள். ஒன்பது வயதில் கல்யாணம், பன்னிரண்டில் எல்லாம் முடிந்துவிட்டது. சாரதா சட்டம் வந்தது 1929-இல், அவளுக்கு அது பிரயோஜனப்படவில்லை. தலையை முக்காடிட்டு, நார்மடிப் புடவையில், எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தவள் அவள்தான். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அத்தை சொன்னது ஒரே வாக்கியம்: "தாயார் பேசறா, ஊர் பேசும்னு பயப்படறா, எல்லாம் சரி. அந்தப் பொண்ணு என்னடி சொல்லித்து?"

அக்கா புரட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் பேசுவது மிகவும் குறைச்சல்.

இந்தக் கேள்வியை ஜெயகாந்தன் தாமே கேட்டுக்கொண்டாரோ என்னவோ, அதே பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் கொடுத்து, தாயார் தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1970. அதில் கங்காதான் பேசுகிறாள். வீட்டை விட்டு அண்ணா விரட்டியது, ஆதரித்த மாமாவின் வக்கிரம், உத்தியோகத்தில் உயர்ந்தும் தனியாக நிற்பது, எல்லாம் அவள் வாயாலேயே வருகிறது. 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு. பின்பு சினிமா, லக்ஷ்மிக்குத் தேசிய விருது. ஜெயகாந்தன் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர், பள்ளிப் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதை நம்மைவிடத் தெளிவாகக் காதில் வாங்கியிருக்கிறார். தலைப்பைப் பார்த்தால் புதுமைப்பித்தன் ஞாபகமும் வருகிறது. 1943-இல் கலைமகளில் வந்த 'சாப விமோசனம்'. சீதையே அக்கினிப் பிரவேசம் செய்ய நேர்ந்தது என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிப்போகிறாள். ராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கதை ஜீரணமாக நாளாகும். எனக்கு ஆயிற்று.

டெல்லிக்கு வருவோம். எழுபதுகளில் இந்த ஊரில் தமிழ் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. கி. கஸ்தூரிரங்கன் 1965-இல் இங்கேதான் 'கணையாழி'யைத் தொடங்கினார். இந்திரா பார்த்தசாரதி டெல்லி சர்வகலாசாலையில் பேராசிரியர். ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில். தி. ஜானகிராமன் ஆகாசவாணியில் கல்வி ஒலிபரப்புப் பொறுப்பில். கிருஷி பவனிலிருந்து ஆகாசவாணி பவன் நடக்கிற தூரம். டிபன் வேளையில் போய் ஒரு நமஸ்காரம் பண்ணியிருக்கலாம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்தேன். அவர் 1982-இல் காலமாகிவிட்டார்.

'அம்மா வந்தாள்' (1966) எனக்குப் பிடித்த நாவல். ஆனால் அதை முன்வைத்து என் வீட்டில் ஐம்பது வருஷமாக ஒரு வழக்கு நடக்கிறது. எதிர்க்கட்சி வக்கீல் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே ஜாக்கிரதையாகச் சொல்கிறேன். அலங்காரத்தம்மாள் கணவன் இருக்க இன்னொருவரோடு உறவு கொண்டவள். அந்தப் பாவம் தீரப் பிள்ளை அப்புவை வேத பாடசாலையில் சேர்க்கிறாள். முடிவில் காசிக்குப் போகிறாள். தி.ஜா. அவளைத் தண்டிக்கவில்லை, இகழவில்லை, அதுவே அந்தக் காலத்தில் பெரிய காரியம் என்பது என் கட்சி. என் மனைவி சொல்வாள்: "ஏன்னா, பிள்ளை அவளைப் பார்க்கறான், புருஷன் பார்க்கறார், நாமும் பார்த்துண்டே இருக்கோம். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அவ என்ன நினைச்சிண்டா? தலைப்பைப் பாருங்கோ. 'அம்மா வந்தாள்'னு சொல்றது யாரு? பிள்ளைதானே."

மறுப்பதற்கில்லை. அலங்காரத்தின் கம்பீரம் தெரிகிறது, நடை தெரிகிறது. மனதுக்குள் விடுவது மட்டும் இல்லை. 'மோகமுள்' யமுனாவும் அப்படித்தான், பாபுவின் கண் வழியாகவே எட்டுகிறாள். 'மரப்பசு'வில் அம்மணியே "நான்" என்று பேசுகிறாள். ஆனால் கல்யாணம் வேண்டாம், எதுவும் கேட்கமாட்டேன் என்கிற அந்தப் பெண், ஆண்பிள்ளையின் கனவில் வருகிற சௌகரியமான பெண்ணோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொரு புகாரும் என் மனைவியிடம் உண்டு: "ஜானகிராமன் கதையிலே வர பொம்மனாட்டி ஒருத்திக்காவது முழங்கால் வலி உண்டா?" இதற்கு இதுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆதவனின் 'காகித மலர்கள்' டெல்லி நாவல். அதில் உயர் அதிகாரியின் மனைவி பெரும்பாலும் மிஸஸ் பசுபதிதான். எங்கள் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் பதினைந்து வருஷம் இருந்திருக்கிறேன். மாடியில் மிஸஸ் வெங்கட்ராமன், எதிரே மிஸஸ் கிருஷ்ணமூர்த்தி. அவர்களுடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆதவன் கண்டுபிடித்துச் சொன்னது அல்ல, நடப்பைத்தான் எழுதினார். இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கை: மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர்கள். சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன், இந்திரா பார்த்தசாரதி என்கிற ஆர். பார்த்தசாரதி. சுஜாதா என்பது ஒரு பெண் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தவர்களில் இந்த எதிர்க்கட்சி வக்கீலும் ஒருத்தி. பெயரை எடுத்துக்கொள்வது சுலபம்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் பேத்தி ஒரு பரீட்சை சொன்னாள். அமெரிக்காவில் ஆலிசன் பெக்டெல் என்கிற கார்ட்டூனிஸ்ட் 1985-இல் தம் படக்கதையில் வேடிக்கையாக எழுதியது. ஒரு கதையில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஒரு ஆணைப் பற்றியதாக இல்லாமல் வேறு எதைப் பற்றியாவது இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதே குறையை வர்ஜீனியா வுல்ஃப் 1929-லேயே சொல்லியிருக்கிறார். நான் அலமாரிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புரட்டினால், என் அருமையான நாவல்களில் பெண்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு கல்யாணத்தைப் பற்றி, அல்லது பிள்ளையைப் பற்றி, அல்லது புருஷனைப் பற்றி. 'சாப விமோசன'த்தில் அகலிகையும் சீதையும் பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். அதுவும் ராமனைப் பற்றியே!

அமோகமாகத் தேறியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா, தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்கள். குழாய், பம்பு, லாரி, யார் வீட்டில் எத்தனை குடம் என்பதே பேச்சு. ஜமுனாவின் வாழ்க்கை சீர்கெட்டதற்கு ஒரு ஆண் காரணம்தான். ஆனாலும் அவள் காலையில் எழுந்ததும் நினைப்பது அவனை அல்ல, தண்ணீரை. அவள் அழகியா இல்லையா என்று அசோகமித்திரன் வர்ணித்து நேரத்தை வீணாக்கவில்லை. அவர் ஸ்க்ரூ கேஜைத் திருகிப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்த மனிதர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் முறையாக ஆராய்ந்தவர் ஒரு பெண், அதுவும் டெல்லியில். அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லக்ஷ்மி. ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய புஸ்தகம் 1984-இல் வந்தது. 2021-இல் சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. அவருடைய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படியுங்கள். பெரிய வீடு, ஆனால் சமையலறை ஒரு மூலையில் இருட்டாக. அதற்கு ஜன்னல் பெரிதாக வேண்டும் என்று புதிதாக வந்த மருமகள் சொல்வது ஆண்களுக்குப் புரிவதில்லை. நான் அந்தக் கதையைப் படித்த அன்று எழுந்து போய் எங்கள் சமையலறையைப் பார்த்தேன். மயூர் விஹார் ஃப்ளாட்டில் பால்கனி யாருக்கு, சமையலறை எந்தப் பக்கம் என்று பில்டரோடு உட்கார்ந்து முடிவு செய்தவன் நான்தான். ஜூன் மாசத்தில் அங்கே எவ்வளவு உஷ்ணம் என்று அன்றுதான் தெரிந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். இலக்கியத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது என் கதை. 1975. ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்காக எழுதினேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம், அது பாவம் நல்லெண்ணத்தில் போட்டது. பாத்திரம் அத்தைதான். முடி களைந்த ஒரு விதவை. வீட்டில் எல்லாப் பெண்களும் மல்லிகை சூட்டிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறாள். ராத்திரி கொல்லைப்புறத்தில் பவழமல்லி மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறாள். கதை முடிவில் உதிர்ந்த பூ ஒன்று அவள் மடியில் விழுகிறது. ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நானும் எழுதும்போது அழுதேன். எல்.டி.சி. எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது மலரை அத்தையிடம் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேழியில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்புகிற அன்று தயிர்சாதம் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்பி, கதை நன்னா இருந்தது. ஆனா அது நான் இல்லைடா. பூவுக்காக நான் எப்போ அழுதேன்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பின்னே எதுக்கு அத்தை?" என்றேன்.

பதினாலு வயதில் நடந்ததைச் சொன்னாள். வக்கீலாத்து மாமி என்று ஒருவர் அடுத்த தெருவில் இருந்தாராம். சென்னையில் சகோதரி சுப்புலக்ஷ்மி, அவரும் குழந்தை விதவை, 1911-இல் பி.ஏ. தேறியவர், திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளை வைத்துப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அங்கே அனுப்பினால் பெண் வாத்தியாராகலாம், எழுதிப் போடட்டுமா என்று மாமி தாத்தாவிடம் வந்து கேட்டார். தாத்தா ஊஞ்சலை நிறுத்தவில்லை. மாமி, "பொண்ணை ஒரு வார்த்தை கேளுங்கோ" என்றார். தாத்தா, "இதுல அவளைக் கேக்க என்ன இருக்கு?" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அழுதேன். அதுக்கப்புறமும் ரொம்ப நாள் அழுதேன். உன் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின அன்னிக்குக் கூட. நீங்கள்ளாம் சந்தோஷத்துலன்னு நினைச்சேள்" என்றாள். "சரி, பஸ்ஸுக்கு நாழியாச்சு, கிளம்பு."

இருபது வருஷம் அதே வீட்டில், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஒரு நாளும் கேட்டதில்லை. தாத்தாவாவது சும்மா இருந்தார். நான் கேட்காமலேயே கதையும் எழுதி, பரிசு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. மாதவையா மாதிரி "நான்" என்று ஆரம்பித்து அந்தக் கதையைத் திருத்தி எழுத முயன்றேன். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது. பதினாலு வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் அவள் ஒரு நாளை எப்படிக் கழித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் கதை எழுதவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புஸ்தகம் எடுத்துக்கொண்டு போய், கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டேன். சில கேள்விக்குப் பதில் சொல்வாள். சிலதுக்கு, "அது உனக்கு வேண்டாம்" என்பாள். 1983-இல் காலமானாள்.

நோட்டில் 61 பக்கம் இருக்கிறது. அதை நம் இதழில் தொடராகப் போடலாமே என்று செயலாளர் கேட்கிறார். அச்சில் போடலாமா என்று அத்தையைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசல் மேஜையில் 'முத்துமீனாட்சி'யும் 'தண்ணீர்' இரண்டு பிரதியும் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். மாமிகள் தயவுசெய்து சொந்தப் பெயரில் போடவும்.